மலையில் ஈஸ்ட் பெருக்குதல்: கடும் பீர் குறித்த கேள்வி பதில்

முதலில் ஒரு வார்த்தை. கடும் பீர் என்பது மதுசாரம் கூடிய பீர். இலங்கையில் அனுமதிப்பத்திரம் இல்லாமல் பீர் காய்ச்சுவது மதுவரிச் சட்டப்படி குற்றம். ஆகவே பீர் பற்றிய பதில்கள் வெளிநாட்டில் சட்டப்படி காய்ச்சுவோருக்கும், இங்கே அனுமதி பெற்ற இடங்களில் வேலை செய்வோருக்கும், படிப்போருக்கும்தான். ஈஸ்ட்டின் குணமோ எல்லா ஊரிலும் ஒன்றே.

ரொறொன்ரோவிலிருந்து, பண்டாரவளையில் பிறந்த ஒருவர்: அண்ணா, 20 லீற்றர் கடும் பீர், தொடக்க அடர்த்தி 1.090 (தண்ணீரை 1 என வைத்துக் கரைசலின் சீனியைக் காட்டும் எண்; நொதிக்க நொதிக்க இறங்கும்). ஒரு பாக்கெட் திரவ ஈஸ்ட் விட்டேன். 1.040க்குக் கீழே இறங்கவே இல்லை. ஏன்?

ஆள் பற்றாக்குறை, தம்பி. ஏல் வகைக்கு, அதாவது மிதமான வெப்பத்தில் நொதிக்கும் பீருக்கு, ஒரு மில்லிலீற்றருக்கு, ஒரு பாகை பிளேட்டோவுக்கு (கரைசலின் சீனி அளவைக் காட்டும் இன்னோர் அலகு) 0.75 மில்லியன் செல்கள் என்பது பொதுவான கணக்கு. 1.090 என்பது ஏறத்தாழ 21.6 பிளேட்டோ. 20 லீற்றருக்குப் பெருக்கிப் பாருங்கள், 324 பில்லியன் வரும். புதிய பாக்கெட்டில் பெரும்பாலும் 100 பில்லியன் அளவுதான் இருக்கும். மாதங்கள் போகப் போக அதுவும் குறையும். அந்தச் சிறு கூட்டம் முதலில் தன்னைப் பெருக்கிக்கொள்ளவே சத்தைச் செலவழிக்கிறது. அதற்குள் மதுசாரம் ஏறிவிட, களைத்துப்போய் அடியில் படிந்துவிடுகிறது.

ஆகவே ஈஸ்ட்டை முதலில் சிறு கரைசலில் பெருக்கிக்கொள்ள வேண்டும்; அதைத்தான் ஸ்டார்ட்டர் என்கிறோம். 2 லீற்றர் தண்ணீரில் 200 கிராம் உலர் மால்ட் தூளை (முளைகட்டிய தானியச் சாற்றின் தூள்) கொதிக்கவைத்து ஆற்றி, அதில் பாக்கெட்டை விடுங்கள். காந்தக் கலக்கி இருந்தால் ஒன்றரை நாளில் உங்களுக்குத் தேவையான அளவு கிடைத்துவிடும். கலக்கி இல்லையென்றால் பெருக்கம் பாதிக்கும் குறைவு. போகும்போதும் வரும்போதும் போத்தலைக் குலுக்குங்கள், அல்லது இரண்டு பாக்கெட் வாங்குங்கள். உலர் ஈஸ்ட்டுக்கு இந்த வேலையே வேண்டாம். இரண்டு பாக்கெட்டை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து விட்டால் போதும்.

பேராதனை மாணவி ஒருவர்: ஐயா, கடும் பீருக்குப் பழக்கப்படுத்த, ஸ்டார்ட்டரையும் 1.090 அடர்த்தியிலேயே செய்யலாமா?

வேண்டாம், மகள். இந்த எண்ணம் பலரிடம் இருக்கிறது, அதனால் அழுத்தியே சொல்கிறேன். ஸ்டார்ட்டரில் நாம் பீர் செய்யவில்லை, செல்களை வளர்க்கிறோம். அடர்ந்த கரைசலில் சவ்வூடு பரவல் அழுத்தம் செல்லை வாட்டும், மதுசாரம் கூடும், வெளியே வருவது ஏற்கெனவே சோர்ந்த ஈஸ்ட். 1.030 முதல் 1.040 வரை போதும். சீனித் தண்ணீரிலும் வளர்க்காதீர்கள். அதில் நைதரசன் சத்து இல்லை. வெறும் சீனியில் வளர்ந்த ஈஸ்ட் பிறகு மால்ட்டோசை, அதாவது மால்ட்டில் உள்ள சர்க்கரையை, உண்ணத் தயங்கும்.

நுவரெலியா ஹோட்டல் சமையலறையிலிருந்து: இங்கே தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடுகிறது. கிருமி சாகுமா?

நல்ல கேள்வி. நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். தண்ணீர் ஏறத்தாழ 94 பாகையில் கொதிக்கும். அன்றே பயன்படுத்தும் ஸ்டார்ட்டருக்கு 15 நிமிடக் கொதி போதும், சாதாரணக் கிருமிகள் அதில் அழிந்துவிடும். மால்ட் கரைசலைப் போத்தலில் அடைத்து வைப்பது மட்டும் வேறு விடயம். சில பக்டீரியாக்களின் வித்திகள் கொழும்பின் 100 பாகையிலும் சாவதில்லை. மால்ட் கரைசலில் அவற்றை அடக்கும் அளவுக்குப் புளிப்பும் இல்லை. அந்த வித்திகள் முளைத்துச் சுரக்கும் நஞ்சால் வரும் பொட்டுலிசம் உயிரையே பறிக்கும். பிரஷர் குக்கர் இல்லாமல் அடைத்து வைக்கவே வேண்டாம். 15 இறாத்தல் அழுத்தத்தில் கடல்மட்டத்தில் 121 பாகை கிடைக்கும். இங்கே அதே அழுத்தத்தில் 118 அளவுதான். ஆகவே நேரத்தைத் தாராளமாகக் கூட்டுங்கள். முடிந்தால் அவ்வப்போது புதிதாகவே காய்ச்சுங்கள்.

அதே நபர்: இரவுக் குளிரில் நுரையே வருவதில்லை.

20 முதல் 24 பாகை வேண்டும். ரிஜிபோம் பெட்டிக்குள் ஸ்டார்ட்டரையும் வெந்நீர்ப் போத்தல் ஒன்றையும் வைத்து மூடுங்கள். அடுப்படியில் ஒட்டி வைக்காதீர்கள், ஒரு பக்கம் சுட்டுவிடும். நுரை வராததால் வேலை நடக்கவில்லை என்று முடிவு கட்டவும் வேண்டாம்; கரைசல் பால் கலந்ததுபோல் கலங்கினால் ஈஸ்ட் பெருகுகிறது.

மாத்தளை: கித்துல் கள்ளிலிருந்து ஈஸ்ட் எடுக்கலாமா?

அப்ப மாவுக்கு அருமை. கடும் பீருக்குச் சரிவராது. கள்ளில் ஈஸ்ட்டோடு லக்டிக், அசற்றிக் பக்டீரியாக்களும் சேர்ந்தே இருக்கும். பெருக்கினால் எல்லாமே பெருகும், முடிவில் வினாகிரி வாசனை அடிக்கும். பாண் ஈஸ்ட் நொதிக்கும், ஆனால் நன்றாக அடியில் படியாது, சுவையும் மட்டம்.

மீண்டும் ரொறொன்ரோ: ஸ்டார்ட்டரை முழுதாக ஊற்றலாமா?

2 லீற்றரை 20 லீற்றரில் கொட்டினால் சுவை நீர்த்துப்போகும். குளிர்சாதனப் பெட்டியில் ஒரு நாள், முடிந்தால் இரண்டு நாள் வையுங்கள். அடியில் வெண்சந்தன நிறத்தில் ஒரு விரல் தடிப்புக்குப் படியும். மேலே தேநீர் நிறத் திரவம் தெளிந்து நிற்கும். மேல் திரவத்தை முகர்ந்து பாருங்கள். பாண் வாசனை என்றால் நல்லது; நகப்பூச்சு நெடியோ புளித்த நெடியோ என்றால் அத்தனையையும் கொட்டிவிடுங்கள். நன்றாக இருந்தால் கலங்காமல் சரித்து வடித்து, கடைசிக் கொஞ்சத்தில் படிவைக் கரைத்து, அறை வெப்பத்துக்கு வந்தபின் ஊற்றுங்கள்.

ஊற்றும் முன் பீர்க் கரைசலை நன்றாகக் குலுக்கிக் காற்றேற்றவும் வேண்டும். செல்சவ்வு கட்ட ஈஸ்ட்டுக்கு ஒட்சிசன் தேவை. நுவரெலியா நண்பர்களுக்கு இது இன்னும் முக்கியம்: இந்த உயரத்தில் கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவாகவே ஒட்சிசன் கரையும், எத்தனை நேரம் குலுக்கினாலும் அந்த எல்லை தாண்டாது. அனுமதியுள்ள இடங்களில் கடும் பீருக்குத் தூய ஒட்சிசன் உருளை வைத்துக்கொள்வதே சரி.