தோட்டத்துக் கோயிலுக்கு அகப்பக்கம்: எந்த மென்பொருள் சரிப்படும்?

சுங்கை சிப்புட் பக்கம் உள்ள கோயிலுக்கு அகப்பக்கம் வேண்டும், செயலாளரே திருவிழா அறிவிப்பைப் போட வேண்டும், தோற்றத்தையும் நம் விருப்பப்படி மாற்ற வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். வேர்ட்பிரஸை எடுங்கள். அகப்பக்கம் உருவாக்க உதவும், 2003-இல் வந்த திறமூல மென்பொருள் (மூலநிரல் எல்லாருக்கும் திறந்தது), இலவசம், தமிழ் யுனிகோடு சிக்கலில்லாமல் ஓடும்.

ஆனால் அதில் இரண்டு வகை உண்டு, பலர் குழம்புவது இங்கேதான். வேர்ட்பிரஸ்.காம் என்பது அகப்பக்கத்தை வைக்க இணையத்தில் இடமும் சேர்த்துத் தரும் சேவை. அதன் இலவசத் திட்டத்தில் நாமாகப் பிளகின் (கூடுதல் வசதி தரும் சிறு நிரல்) சேர்க்க முடியாது. வேர்ட்பிரஸ்.ஆர்க்கில் மென்பொருளை இறக்கி, நாம் வாடகைக்கு எடுத்த ஹோஸ்டிங்கில் (இணைய இடத்தில்) நிறுவுகிறோம். உங்களுக்கு இரண்டாவதுதான் சரி.

தோற்றத்தை மாற்றும்போது மூலத் தீமின் (தோற்ற வார்ப்புருவின்) கோப்புகளில் கை வைக்காதீர்கள். அடுத்த புதுப்பிப்பு வந்ததும் செய்த வேலையெல்லாம் அழிந்துவிடும். அதன் கீழே ஒரு சைல்டு தீம் (மூலத் தீமைச் சார்ந்த துணைத் தீம்) உருவாக்கி, மாற்றங்களை அதில் மட்டும் எழுதுங்கள். பிளகின்களும் தேவைக்கு மட்டும் போதும். புதுப்பிக்காமல் விட்ட பிளகின் வழியாகத்தான் பெரும்பாலும் ஊடுருவல் நடக்கிறது.

நாலைந்து பக்கம்தான், அதுவும் எப்போதாவதுதான் மாறும் என்றால் கிராவ் என்ற மென்பொருளைப் பாருங்கள். தரவுத்தளமே கிடையாது, எல்லாம் கோப்புகளிலேயே இருப்பதால் கோப்புறையை நகலெடுத்தால் காப்புநகல் தயார். டிரூப்பல் என்ற இன்னொரு மென்பொருள் வலுவானது, ஆனால் கோயிலுக்கு அவ்வளவு தேவையில்லை.

அப்புறம், டொமைனை (அகப்பக்க முகவரியை) கோயில் நிர்வாகத்தின் பெயரிலேயே பதியுங்கள். செய்துகொடுத்த தம்பி வேலைக்குக் கோலாலம்பூர் போய்விட்டாலும் முகவரி கோயிலுடையதாகவே இருக்கும்.