கண்டி ராஜா நம்மவரா?

கேள்வி: கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் இயற்பெயர் கண்ணுசாமி. அவர் தமிழர்தானே? அப்படியென்றால் மலையகத் தமிழரான நாம் இந்த மலையை ஆண்ட பரம்பரை. வந்தேறி என்று நம்மை ஏசுகிறவர்களுக்கு இதைவிட நல்ல பதில் உண்டா? எங்கள் தோட்டத்து வாசிகசாலையில் மன்னரின் படத்தைத் திறந்துவைக்கப் போகிறோம். என்ன சொல்கிறீர்கள்?
— வாசகர் ஒருவர், பண்டாரவளை

பதில்: படம் மாட்டுங்கள், ஆட்சேபனை இல்லை. ‘ஆண்ட பரம்பரை’தான் இடிக்கிறது.

கண்ணுசாமி மதுரை நாயக்கர் வழி வந்தவர். 1739 முதல் அந்த வழியில் நான்கு பேர் கண்டியை ஆண்டார்கள். தமிழும் தெலுங்கும் புழங்கிய குடும்பம்; இங்கே பௌத்த மன்னர்களாக, புத்தரின் பல் வைக்கப்பட்ட தலதா மாளிகையின் காவலர்களாக இருந்தார்கள். சிங்களப் பிரதானிகள் அவர்கள் முன் விழுந்து கும்பிட்டார்கள். ஏன், உங்கள் ஊவாவில் 1817-18இல் வெள்ளையருக்கு எதிராகக் கிளர்ந்த சிங்களவர்கள் யாரை ராஜாவாக்கினார்கள்? நாயக்க வம்சத்து ‘துரைசாமி’ என்று சொல்லிக்கொண்ட ஒருவரை. ஆள் உண்மையில் வில்பாவே என்ற முன்னாள் பிக்கு! நாயக்கன் பெயரைச் சொன்னால்தான் ஜனம் சேரும் என்றிருந்த காலம்.

சரி, நமக்கும் அவருக்கும் என்ன உறவு? கண்டி வாவி அவர் கட்டியது என்கிறோம். மண் சுமந்தவர்கள் இராஜகாரியத்துக்குப் பிடித்து வரப்பட்ட குடியானவர்கள், கூலி கிடையாது. தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதியும் பிரட்டுக் களத்தில் அரைப் பேருக்கு, அதாவது அரை நாள் கூலிக்கு, மல்லுக்கட்டிய சனம் நாம். அந்தக் கதைக்குள் நம்மை வைத்துப் பார்த்தால் பல்லக்குக்குள் இடம் கிடைக்காது, மண்கூடைக்கு அடியில்தான்.

வந்தேறி என்கிறவனிடம் ராஜாவைக் காட்டுவதும் வீண். அவன் ராஜாவையே வந்தேறி என்பான். 1815 மார்ச் 2ஆம் தேதிக் கண்டி ஒப்பந்தம் அவரை ‘மலபார்’ அரசர் என்று சொல்லித்தான் இறக்கியது; தமிழரையும் தென்னிந்தியரையும் வெள்ளையர் அன்று அப்படித்தான் அழைத்தார்கள். வெளியேற்றிய மலபார் ஆண்கள் அனுமதி இல்லாமல் கண்டிச் சீமைக்குள் திரும்பக் கூடாது என்றும் அதில் ஒரு ஷரத்து. பத்து வருஷத்துக்குள் கம்பளைப் பக்கம் கோப்பித் தோட்டம் வந்தது. அப்புறம் என்ன, தடை போட்ட அதே வெள்ளைக்காரர்கள் தமிழ்நாட்டிலிருந்து கங்காணி வைத்து ஆள் பிடித்தார்கள். ராஜா 1816இல் கப்பலேறி வேலூர்ச் சிறைக்குப் போனார். நம் ஆட்கள் மன்னாரில் இறங்கி மாத்தளைக்குக் காட்டு வழியே நடந்து வந்தார்கள். பாதி வழியில் செத்தவர்களுக்குக் கணக்கில்லை. காட்டை வெட்டித் தேயிலை நட்டவர்களின் பேரப்பிள்ளை என்று சொல்லிக்கொள்ள உங்களுக்கு என்ன கூச்சம்?

ராஜ விசுவாசம் நமக்குப் புதிதில்லை. என் அப்பாயியின் லயத்துக் காம்பிராவில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டு அறையில், முருகன் படத்துக்குப் பக்கத்தில் எலிசபெத் ராணி இருந்தார். 1954இல் ராணி இலங்கைக்கு வந்தபோது பத்திரிகையில் வந்த படம். வெட்டி, சோற்றுப் பருக்கையால் ஒட்டியது. வெள்ளிக்கிழமை சாம்பிராணி இருவருக்கும் சேர்த்துத்தான். 1948 சட்டத்தால் குடியுரிமை போய், வாக்காளர் இடாப்பிலிருந்து பெயரும் போயிருந்த காலம் அது. அதை எதிர்த்த வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. முடியின் பெயரால் தீர்ப்புச் சொல்லும் அந்த மன்றம் 1953இல் வழக்கைத் தள்ளிவிட்டது. அப்பாயிக்கு இதை யாரும் சொல்லவில்லை. புகை படிந்து மூக்கும் முழியும் தெரியாமல் போகும்வரை ராணி சுவரிலேயே இருந்தார்.

உங்கள் வாசிகசாலையில் மன்னர் படத்துக்குக் கீழே, வாவிக்கு மண் சுமந்தவர்களுக்குக் கூலி தரப்படவில்லை என்று ஒரு வரி எழுதிவையுங்கள். சாமிப் படங்களிலிருந்து கொஞ்சம் தள்ளி மாட்டுங்கள். அப்புறம், திறந்துவைக்கப் போவது யார் என்று எழுதவில்லையே. தோட்டத்தை நடத்தும் துரையா?