லாப் கேள்வி பதில்: பெனடிற், பையூரேற்று, ஜெல், இடையில ஒரு தேன் சண்டை

லாப் வேலை சம்பந்தமா என்னவும் கேளுங்கோ எண்டு சொன்னதுக்கு வந்து குவிஞ்சு கிடக்கு. எனக்குத் தெரிஞ்சதுக்கு எழுதிறன். வருத்தத்துக்கு மருந்து கேக்கிற ஆக்கள் டொக்டரிட்டப் போங்கோ, என்னட்டை வேண்டாம்.

முள்ளியவளை, ஏ.எல். பெடியன்: அக்கா, சீனிக் கரைசலுக்கு பெனடிற் விட்டா நீலமாவே நிக்குது, பனங்கட்டிக்கு பச்சையும் மஞ்சளுமா வருது. ரெண்டும் சுக்குரோசு தானே?

நல்லாப் பாத்திருக்கிறீர் தம்பி. பெனடிற் எண்டது குளுக்கோசு மாதிரி தாழ்த்திற சீனியளைக் காட்டுற நீலக் கரைசல், தாழ்த்திறது எண்டா செப்பு அயனுக்கு இலத்திரன் குடுக்கிறது. சுக்குரோசில குளுக்கோசும் பிரக்ரோசும் தாழ்த்திற முனையளாலயே ஒண்டோட ஒண்டு பிணைஞ்சு கிடக்கு, அதால பெனடிற்றில இருக்கிற செப்பு அயனை அதால தாழ்த்த ஏலாது, நீலம் நீலமாவே நிக்கும். பனங்கட்டியும் பெரும்பங்கு சுக்குரோசு தான், ஆனா கருப்பணி முட்டிக்குள்ள நிக்கேக்கயே மதுவம் வேலையைத் தொடங்கீடும் (சுண்ணாம்பு தடவுறது அதை மறிக்கத்தான்), பிறகு அடுப்பில கிடந்து வத்தேக்க இன்னும் கொஞ்சம் உடையும், அப்பிடி உடைஞ்ச குளுக்கோசும் பிரக்ரோசும் தான் உமக்குப் பச்சை காட்டுது. அளவு கூடக் கூட பச்சை, மஞ்சள், செம்மஞ்சள், கடைசியா செங்கட்டிச் சிவப்பு வீழ்படிவு. சீனியில சுக்குரோசு இருக்கு எண்டு காட்ட வேணுமெண்டா ஐதான ஐதரோகுளோரிக் அமிலம் விட்டு கொதிதண்ணிக்குள்ள சில நிமிசம் வைச்சு, ஆறினாப் பிறகு சோடியம் இருகாபனேற்றை நுரைக்கிறது நிக்கும் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாப் போட்டு, அதுக்குப் பிறகு தான் பெனடிற். அமிலத்தை நடுநிலையாக்காம விட்டா வராது, பெனடிற்றுக்குக் காரம் வேணும். குழாயை நேர நெருப்பில பிடிக்காதேங்கோ. பக்கத்தில வெறும் தண்ணி விட்ட குழாய் ஒண்டும் வைச்சுச் செய்யுங்கோ, அது இல்லாட்டி உங்கட நிறத்துக்கு ஒரு அர்த்தமும் இல்லை.

பூநகரி, ஏ.எல். பிள்ளை: முட்டை வெள்ளைக்கருவுக்கு பையூரேற்று செய்தா ஊதா வரேல்லை, நீலமா நிக்குது.

பையூரேற்று புரதத்துக்கு ஊதா காட்டுற சோதனை, நீர் செப்பு சல்பேற்றை அளவுக்கு மேல ஊத்தியிருப்பீர் தங்கச்சி. முதல்ல சோடியம் ஐதரொட்சைட்டு, பிறகு 1 வீத செப்பு சல்பேற்று துளித்துளியா. கூடினா அதின்ர நீலம் ஊதாவை மறைச்சுப்போடும். தனி அமினோ அமிலத்துக்கு இது வராது, பெப்ரைட்டுப் பிணைப்பு (அமினோ அமிலங்களை ஒண்டோட ஒண்டு தொடுக்கிறது) குறைஞ்சது ரெண்டு வேணும். வெறும் தண்ணிக் குழாய் வைச்சனீரோ?

மாங்குளம், தேன் வாங்கிற ஒராள்: காட்டுத்தேன் எண்டு வித்தவங்கள், கலப்படமோ எண்டு பெனடிற்றால பிடிக்கலாமோ?

ஏலாது. நல்ல தேனே குளுக்கோசும் பிரக்ரோசும் தான், அசல் தேனும் சிவப்பு, குளுக்கோசுப் பாணியும் சிவப்பு.

ஒட்டுசுட்டான் ஐயா ஒராள்: பிள்ளை, உதெல்லாம் ஏன்? தீக்குச்சியை தேனுக்குள்ள தோச்சு உரசு, பத்தினா அசல். தண்ணியில விட்டா அப்பிடியே அடியில போய்க் கிடக்கும். எறும்பும் வராது. எங்கட அப்பு காலத்தில லாப்பே இருந்தது?

ஐயா, உங்கட அப்புவுக்கு தேன் எடுத்த காடும் தெரியும், எடுத்த ஆளும் தெரியும், அதால அவருக்கு லாப் தேவைப்படேல்லை. தீக்குச்சி பத்துறது தண்ணி குறைவு எண்டதைத்தான் காட்டும். சீனியைப் பாகு பதத்துக்கு இறுக்கிக் காய்ச்சி அதில தோச்சாலும் பத்தும். தண்ணிக்குள்ள தாழுறது அடர்த்தி, பாகும் தாழும். எறும்பு கதையை விடுங்கோ, எங்கட வீட்டில அசல் தேன் போத்திலைத்தான் முதல்ல மொய்க்குது.

அதே ஐயா: அப்ப உங்கட லாப்பால மட்டும் பிடிக்கலாமோ?

முழுக்கப் பிடிக்க ஏலாது எண்டு நானே சொல்லிறன், அது தான் சுவாரசியம். கோடெக்ஸ் எண்ட சர்வதேச உணவுத் தரத்தில பொதுவா தேனுக்கு சுக்குரோசு 100 கிராமில 5 கிராமுக்கு மேல போகப்படாது, தண்ணி 20 வீதத்துக்கு மேல போகப்படாது. சும்மா சீனிப்பாகு கலந்தவன் இந்த சுக்குரோசு கணக்கில மாட்டுவான். பாகை முதல்லயே குளுக்கோசும் பிரக்ரோசுமா உடைச்சு கலக்கிறவன் மாட்டான். அவனைப் பிடிக்கத்தான் காபன் சமதானி (ஒரே காபன், ஆனா நிறை வேறான அணுக்கள்) விகிதம் மிசினில பாக்கிறது: கரும்பும் சோளமும் காபனீரொட்சைட்டை எடுக்கிற வழி வேற, தேன் வாற பூமரம் கனக்கினதின்ர வழி வேற, அதால காபன் 13 இன்ர அளவு வித்தியாசப்படும். ஆனா நெல்லும் பனையும் அந்தப் பூமரங்களின்ர கட்சி. அரிசிப்பாணியோ பனம்பாணியோ கலந்தா அந்த மிசின் பேசாம இருக்கும். எங்கட ஊரில எது லேசாக் கிடைக்கும் எண்டு நீங்களே யோசியுங்கோ.

நெடுங்கேணி ரீச்சர்: பள்ளிக்கூட லாப்பில செய்யக்கூடியதா ஒண்டும் இல்லையோ?

இருக்கு ரீச்சர். தேனில மாப்பொருளை உடைக்கிற தயஸ்ரேசு எண்ட நொதியம் இருக்கு, நல்லாக் காய்ச்சினா அது செத்துப்போம். 1 வீத மாக்கரைசல் எடுத்து, சம அளவு தண்ணியில கரைச்ச தேனை அதில கலந்து, 40 பாகை அளவில இளஞ்சூட்டுத் தண்ணிக்குள்ள வையுங்கோ. ஐஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா ஒரு துளி எடுத்து வெள்ளை ஓட்டில வைச்ச அயடீனில விடுங்கோ. கருநீலம் கபிலமாகி பிறகு மஞ்சளாகினா நொதியம் உயிரோட இருக்கு. கருநீலமாவே நிண்டா பெரும்பாலும் தேன் காய்ச்சினது, இல்லாட்டி தேனே இல்லை. அதே தேனை கொதிக்க வைச்சு ஆறவிட்டு ஒரு குழாய், வெறும் தண்ணியோட ஒரு குழாய், ரெண்டும் கட்டாயம். அசல் தேனோட பாணி கலந்திருந்தா இது பிடிக்காது, அதையும் பிள்ளையளுக்குச் சொல்லிக் குடுங்கோ.

கிளிநொச்சி, ஏ.எல்.: அக்கா சீனிக்கு பெனடிற் சிவப்பாகேல்லை, ஏன்?

மேல முள்ளியவளைத் தம்பிக்கு எழுதினதை வாசியும்.

செட்டிகுளம்: அப்பான்ர யூரின் ரிப்போட்டில புரதம் ரெண்டு பிளஸ் எண்டு கிடக்கு, பயப்பிடோணுமோ?

யூரினில தோச்சுப் பாக்கிற கோலில ஒட்டின கடதாசி அல்புமின் எண்ட புரதத்துக்கு நிறம் மாறும். ஒரு தடவை பாத்து முடிவெடுக்கிறதில்லை. ரிப்போட்டோட கிளினிக்குக்கு கூட்டிக்கொண்டு போங்கோ, தள்ளிப்போடாதேங்கோ, ரத்தத்தில கிரியற்றினினும் (சிறுநீரகம் வடிச்சு வெளியேத்திற கழிவு) பாக்கச் சொல்லுவினம்.

வவுனியா கம்பஸ் பிள்ளை: ஜெல் எலெக்ரோபொறேசிஸ்ல டி.என்.ஏ. ஏன் நேர் முனைக்கு ஓடுது? சதேர்ன், நோர்தேர்ன், வெஸ்ரேர்ன் குழம்புது.

ஜெல் எலெக்ரோபொறேசிஸ் எண்டது ஜெல்லுக்குள்ளால மின்சாரம் விட்டு துண்டுகளை அளவுப்படி பிரிக்கிறது. டி.என்.ஏ.யின்ர பொசுபேற்று முழுக்க மறை ஏற்றம், அதால நேர் முனைக்கு இழுபடும். அகரோசு கடல்பாசியில எடுக்கிறது, அது வலை மாதிரி நிக்கும், சின்னத் துண்டு சுழிச்சுக்கொண்டு முன்னுக்குப் போம், பெரிசு பின்னுக்கு நிக்கும். ஜெல்லில இருந்து மென்சவ்வுக்கு மாத்தி தேடுற வேலையை டி.என்.ஏ.க்கு எட்வின் சதேர்ன் 1975 இல எழுதினவர், அது மனுசன்ர பேர். மற்றதெல்லாம் அதை வைச்சு பகிடிக்கு வைச்ச திசை: நோர்தேர்ன் ஆர்.என்.ஏ., வெஸ்ரேர்ன் புரதம். ஜெல்லில டி.என்.ஏ.யைத் தெரியவைக்கிற சாயம் எதிடியம் புரோமைட்டைக் கையுறை இல்லாமத் தொடாதேயும், அது டி.என்.ஏ.யின்ர ஏணிப்படிகளுக்கிடையில புகுந்து நிக்கிற சாமான், உம்மடை டி.என்.ஏ.க்கும் தான். ஜெல்லில மாதிரி போடாத கிணறு (குழி) ஒண்டு விட்டனீரோ? அதுவும் வெறும் தண்ணிக் குழாய் தான்.

கிளிநொச்சி, வேற ஒராள்: சீனிக்கு பெனடிற்...

மேல.

மாங்குளம் ஆள் திரும்பவும்: அக்கா வாங்கின தேன் அடியில சீனி மாதிரி உறைஞ்சு போச்சு, அப்ப கலப்படம் தானே?

உறையிறதை வைச்சுச் சொல்ல ஏலாது அண்ணை. குளுக்கோசு கூடின அசல் தேனும் உறையும். போத்திலை இளஞ்சூட்டுத் தண்ணிக்குள்ள வைச்சா இளகும். சட்டியில ஊத்திக் காய்ச்சிப்போடாதேங்கோ, நொதியமும் போம், பிரக்ரோசு உடைஞ்சு எச்.எம்.எவ். எண்ட சாமானும் ஏறும். சூட்டு நாடுகளின்ர தேனுக்கு கோடெக்ஸ் கிலோவுக்கு 80 மில்லிகிராம் மட்டும் தான் அதை விடுது.