கால்வட்டத் தையலில் நடுவே சுருக்கம் விழுந்தால்

கால்வட்டமாக வெட்டிய துண்டை, அது பொருந்தும்படி உள்நோக்கி வளைத்து வெட்டிய துண்டோடு (உள்வளைவுத் துண்டு) இணைக்கும்போது நடுவே சுருக்கம் விழுகிறது, கால்வட்டத்தை மேலே வைத்துத் தைக்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள். உள்வளைவுத் துண்டு மேலே, கால்வட்டத் துண்டு அடியில் இருக்கும்படி வைத்துத் தையுங்கள். நீங்கள் தலைகீழாக வைத்திருக்கிறீர்கள். அதனால்தான் அடித்துணி கண்ணில் படாமல் மடிந்து சுருங்குகிறது.

"இரண்டு விளிம்பும் ஒரே நீளமில்லை" என்று கேட்டிருந்தீர்கள். அப்படித்தான் இருக்கும். தையலுக்கு ஓரத்தில் கால் அங்குலம் விட்டால், கால்வட்டத்தின் வெட்டு விளிம்பு உள்வளைவின் விளிம்பைவிட முக்கால் அங்குலத்துக்குச் சற்று அதிகமாகவே நீளும். சமமாக வேண்டியது தையல் கோடு மட்டுமே.

இரண்டையும் பாதியாக மடித்து நடுவை அழுத்தித் தடம் போடுங்கள். நடுவில் ஒரு குண்டூசி, அப்புறம் முனைகளில். தையல் கோட்டிலேயே முனைகள் சேரவில்லையா? கோளாறு வெட்டியதில்.

சில இடங்களில் ஊசியைத் துணியில் இறக்கி நிறுத்தி, துணியை அழுத்திப் பிடிக்கும் இயந்திரப் பாதத்தைத் தூக்கி, மேல்துணியை நீவிவிடுங்கள். இழுக்க வேண்டாம், இழைக்கு மூலைவாட்டாக வெட்டுப்பட்ட விளிம்பு நீண்டுவிடும். விளிம்பில் சிறு கத்தரிப்பு வெட்டுகள் வேண்டுமானால் உள்வளைவில் மட்டும், அரைக்கால் அங்குலத்துக்குள்.