கழுத்தைப் பாத்துட்டு கத்தியை எடுங்க

கேள்வி: ஏற்காட்டுல எங்க வீட்டுச் சரிவுல கல் அடுக்கி ராக் கார்டன் போட்டிருக்கோம் சார். டயான்தஸ், தைம், சீடம், கேம்பனுலா நாலும் நல்லா படர்ந்திருக்கு. அதையே பெருக்கலாம்னு போன ஐப்பசியில டயான்தஸை வேரோட ரெண்டா பிளந்தேன், ரெண்டுமே போச்சு. கட்டிங்னு கிளைத் துண்டு நாப்பது வெட்டி வச்சு, கவர் போட்டு மூடி, தினமும் தண்ணி தெளிச்சேன். பத்து நாள்ல அடி கறுத்து அழுகிடுச்சு. எங்க தப்பு?
– வாசகி, ஏற்காடு

பதில்: நாப்பதும் போச்சுன்னு படிச்சதும் மனசுக்கு கஷ்டமாயிடுச்சும்மா. நீங்க கவனிக்காம விடல, தண்ணிதான் ஜாஸ்தி. இந்த மாதிரி செடிங்க பொறந்த இடம் மலைமேல ஜல்லியும் பாறை இடுக்குமா இருக்கிற சரிவு, எவ்ளோ பேஞ்சாலும் நிக்காம ஓடிடும், வேர் ஈரத்தைத் தேடி ஆழமா போகும், ஆனா தண்டு மண்ணைத் தொடுற கழுத்து மட்டும் காஞ்சே இருக்கணும். ஐப்பசி அடைமழை, மூடுபனி, அதுக்கு மேல கவர் வேறன்னா கழுத்து எப்படி காயும்?

பிரிக்கிறதா கட்டிங்கான்னு முடிவு பண்ண, செடி அடியில மண்ணை விரலால விலக்கிப் பாருங்க. டயான்தஸ் மேல பாய் மாதிரி அகலமா தெரியும், கீழ பாத்தா பெரும்பாலும் ஒரே கழுத்துதான், அதைப் பிளந்தா ரெண்டு பக்கமும் காயம். அதுக்கு கட்டிங்தான். தைம், கேம்பனுலா அப்படி இல்ல, படர்ந்த தண்டு அங்கங்க தானே வேர் விட்டிருக்கும், தூரை எடுத்து மண்ணை உதறினா வேரும் குருத்துமா துண்டு துண்டா கையோட வரும். அதுல நடுவுல கட்டையா போன பழைய பாகத்தைத் தூக்கிப் போட்டுட்டு ஓரத்து இளசை மட்டும் நடுங்க. சீடத்துக்கு இந்தப் பாடே வேண்டாம், ஒடிச்ச துண்டை ரெண்டு நாள் நிழல்ல போட்டு வெட்டுவாய் காஞ்சதும் வச்சா போதும்.

டயான்தஸ் கட்டிங் மழை நின்ன அப்புறம், தை மாசி வாக்குல வைங்க. பூ வராத கிளையா பாத்து, ஒரு கையால அடியைப் பிடிச்சுகிட்டு நுனியை நேரா மேல இழுத்தா கணுவுலயே டக்குனு கழண்டு வரும். ரெண்டு இஞ்ச் இருந்தா தாராளம். கீழ் இலையை எடுத்துட்டு உடனே நட்டுடணும், இதை சீடம் மாதிரி காயவிடக் கூடாது. கலவை மூணு பங்கு எம்சாண்ட், ஒரு பங்கு கோகோபீட், அதாவது தேங்காய் நார்த்தூள். எம்சாண்டை பால் மாதிரி வர்ற தண்ணி தெளியுற வரைக்கும் கழுவுங்க, நான் ஒரு தடவை கழுவாம போட்டு அந்தத் தூள் இறுகி ட்ரேயே சிமெண்ட் பலகை மாதிரி ஆயிடுச்சு, வேர் இறங்கவே இல்ல. பூச்சு வேலைக்கு வாங்குற பி-சாண்ட் வேண்டவே வேண்டாம். நட்டதும் கழுத்தைச் சுத்தி பொடி ஜல்லி அரை இஞ்ச் பரப்பிடுங்க, நல்ல வெளிச்சம் வர்ற நிழல்ல வைங்க, மேல் மண்ணு காஞ்சா மட்டும் தண்ணி. மூணு நாலு வாரம் கழிச்சு லேசா இழுத்தா பிடிச்சு நிக்கும், அதுதான் வேர். அதுக்கு முன்னாடி தினமும் பிடுங்கிப் பாக்காதீங்க.

சாக்ஸிஃப்ரேஜ் மாதிரி நிஜ ஆல்ப்ஸ் செடிங்களை ஆசைப்பட்டு வாங்கிடாதீங்கம்மா. பனிக்கட்டிக்கு அடியில மாசக்கணக்குல தூங்கி எழற ஜாதி அது, 1,500 மீட்டர் உயரத்துல இருந்தாலும் நம்ம ஏற்காட்டுல பனிக்கட்டி விழாது.

கேள்வி: சேலம் டவுன்ல மொட்டைமாடி எங்களுக்கு, ஏற்காட்டுல இருந்து தைம் பிரிச்சு கொண்டு வந்து வைக்கலாமா?
– வாசகர், அம்மாபேட்டை

பதில்: தை மாசம் தளதளன்னு இருக்கும், சித்திரை வெயில்ல மாடித் தரை சுடுற சூட்டுல போயிடும் தம்பி. கல்லு நடுவுல பத்துமணிப் பூ வைங்க, விரல் நீளத் துண்டை மணல்ல சொருகினா அதுவே வேர் பிடிச்சுக்கும்.