மூத்தோருக்கு 90 நிமிடம் தேவையா?

கேள்வி: எங்கள் கழகத்தில் இளையோருக்கும் நாற்பது தாண்டியோருக்கும் சிநேகபூர்வ உதைபந்தாட்டம். முழு நேரமும் ஆடலாமா? – வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: வேண்டாம். மூத்தோர் ஆட்டத்தில் நேரத்தைக் குறைக்கவும், வெளியேறியவரை மீண்டும் இறக்கவும் ஆட்ட விதிகளிலேயே இடமுண்டு. 30 நிமிடப் பாதிகள் இரண்டு போதும். கொழும்பு வெக்கைக்கு நாலரை மணியளவில் தொடங்குங்கள். ஒவ்வொரு பாதியின் நடுவிலும் தண்ணீருக்கு நிறுத்துங்கள்.

பயப்பட வேண்டியது கெண்டைக்காலுக்குத்தான். 15 நிமிடமாவது மெல்ல ஓடி உடம்பைச் சூடாக்காமல் எடுத்த எடுப்பில் பாய்ந்தால், பின்னாலிருந்து யாரோ உதைத்ததுபோல் சுரீரென்று பிடிக்கும். அது தசைக்கிழிவாக இருக்கலாம். தேய்க்கவே கூடாது! ஆளை வெளியே எடுத்து, துணியில் சுற்றிய ஐஸை 15 நிமிடம் வைத்து, காலை உயர்த்தி வையுங்கள். சறுக்கிப் பந்தைப் பறிப்பதில்லை என்று இளையவர்களிடம் முன்பே பேசி முடியுங்கள்.