திரும்பலாம், நகரக் கூடாது: பனோரமா படங்கள் பற்றிய வாசகர் கேள்வி பதில்

கோடை விடுமுறை முடிந்த பிறகு இப்பகுதிக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, பயணத்தில் எடுத்த அகலமான நிலக்காட்சிகள் வீட்டுக்கு வந்து பார்க்கும்போது ஏன் இணையாமல் போயின என்றே கேட்கின்றன. ஒரே தன்மையுள்ள கேள்விகளைத் தவிர்த்து, சிலவற்றுக்கு இங்கே பதில் அளிக்கிறேன்.

கேள்வி: சூரியநெல்லியிலிருந்து ஜீப்பில் ஏறி, கொழுக்குமலையில் சூரிய உதயம் பார்த்தோம். கைப்பேசியின் பனோரமா வசதியில் இடமிருந்து வலமாக எடுத்த படத்தில் மலைகள் சரியாக வந்துள்ளன. ஆனால் அருகில் இருந்த கம்பி வேலி மூன்று இடங்களில் முறிந்து தெரிகிறது. வலப்பாதி வானமோ முற்றிலும் வெளுத்துவிட்டது. வேறு கைப்பேசி வாங்க வேண்டுமா? (ஒரு வாசகர், தேனி)

பதில்: வேண்டாம். நின்ற விதத்தை மாற்றினால் போதும். கைப்பேசியை முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டு உடலைத் திருப்பும்போது, லென்ஸ் இருந்த இடத்திலேயே திரும்புவதில்லை. உங்கள் உடலை மையமாகக் கொண்டு ஏறத்தாழ அரை மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் ஊர்வலம் போகிறது. நீங்கள் 18 டிகிரி திரும்பினால் லென்ஸ் 15 சென்டிமீட்டருக்கு மேல் இடம் பெயர்ந்திருக்கும். 10 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மலைக்கு இந்த 15 சென்டிமீட்டர் ஒரு பொருட்டே அல்ல. இரண்டு மீட்டர் தொலைவிலுள்ள வேலியோ, பின்னணி மலையோடு ஒப்பிடும்போது நான்கு டிகிரிக்கு மேல் விலகிவிடுகிறது. வானில் முழுநிலவின் அகலம் அரை டிகிரிதான் என்பதை எண்ணிப் பார்த்தால், எட்டு நிலவுகளை அடுத்தடுத்து வைத்த அகலத்துக்கு வேலி நகர்ந்திருக்கிறது என்று பொருள். பள்ளி ஆய்வகத்தில் அளவுகோலைச் சாய்வாகப் பார்த்தால் அளவு மாறும் என்று படித்தோமே, அதே இடமாறு தோற்றப் பிழைதான் இது. மலையைப் பொருத்தினால் வேலி உடையும், வேலியைப் பொருத்தினால் மலை உடையும். எந்த மென்பொருளாலும் இரண்டையும் ஒருசேரச் சரிசெய்ய இயலாது.

ஆகவே கைப்பேசியைச் செங்குத்தாகப் பிடித்து, முழங்கைகளை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு, லென்ஸின் நேர்கீழே தரையில் ஓர் ஆணி அடித்திருப்பதாக எண்ணி, அந்த ஆணியைச் சுற்றி நீங்கள் சிற்றடி வைத்து நடக்க வேண்டும். பார்ப்பவர்களுக்கு இது சற்று வேடிக்கையாகத் தெரியும். அதைப் பொருட்படுத்த வேண்டாம். அதைவிட எளிய வழி, வேலியைத் தாண்டாமலேயே, அது படத்துக்குள் வராத ஓர் இடத்தைத் தேடி நிற்பது.

வானம் வெளுத்ததற்குக் காரணம் வேறு. பல கைப்பேசிகள் படத்தைத் தொடங்கும் இடத்தில் உள்ள வெளிச்சத்துக்கு ஏற்ற அளவை எடுத்துக்கொண்டு, கடைசிவரை அதையே கையாளுகின்றன. நீங்கள் இருண்ட பள்ளத்தாக்கிலிருந்து தொடங்கியிருக்கிறீர்கள். அடுத்த முறை, சூரியனுக்குச் சற்றுத் தள்ளியுள்ள ஒளி மிகுந்த வானப் பகுதியைத் திரையில் அழுத்திப் பிடித்து, வெளிச்ச அளவைப் பூட்டிய பிறகு தொடங்குங்கள். நிழல் பகுதி கொஞ்சம் இருண்டு வரும். இருண்டதைப் பின்னால் ஓரளவு வெளிச்சமாக்கலாம். வெளுத்ததை மீட்க முடியாது.

கேள்வி: பனோரமா என்பது எந்த மொழிச் சொல்? (ஒரு மாணவி, மதுரை)

பதில்: ‘எல்லாம்’, ‘காட்சி’ என்னும் பொருளுடைய இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து ஆக்கிய சொல் அது. அயர்லாந்தில் பிறந்த ராபர்ட் பார்க்கர் என்ற ஓவியர், வட்டமான கட்டடத்தின் உட்சுவர் முழுவதும் ஒரு நகரக் காட்சியைத் தீட்டி, பார்வையாளரை நடுவில் நிறுத்திக் காட்டும் முறைக்கு 1787இல் காப்புரிமை பெற்றார். பெயர் சில ஆண்டுகளுக்குப் பிறகு வந்தது. லண்டன் லெஸ்டர் சதுக்கத்தில் அதற்கென்றே எழுப்பிய கட்டடம் 1793இல் திறக்கப்பட்டது. அங்கும் பார்வையாளர் நடுவில் உள்ள மேடையில்தான் நிற்க வேண்டும் என்பதைக் கவனியுங்கள். சுவரருகே போனால் காட்சியின் மாயம் கலைந்துவிடும்.

கேள்வி: என்னிடம் 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் கேமராவும் 50 மி.மீ. லென்ஸும் உள்ளன. 180 டிகிரி அகலக் காட்சிக்கு எத்தனை படங்கள் எடுக்க வேண்டும்? முக்காலி கட்டாயமா? (ஒரு வாசகர், காரைக்குடி)

பதில்: கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து எடுங்கள், படங்களின் எண்ணிக்கை கூடினாலும் மேலும் கீழும் வெட்டுவதற்கு இடம் மிஞ்சும். அந்நிலையில் உங்கள் லென்ஸ் ஒரு படத்தில் 27 டிகிரி அகலத்தைக் காணும். தையல்காரர் ஓரத்தில் துணி விட்டுத் தைப்பதுபோல, ஒவ்வொரு படமும் அடுத்த படத்தோடு மூன்றில் ஒரு பங்கு ஒன்றன்மேல் ஒன்று விழ வேண்டும். எஞ்சும் 18 டிகிரிதான் ஒவ்வொரு படமும் புதிதாகச் சேர்ப்பது. கணக்குப் போட்டால் 10 படங்கள் வரும். இணைத்த பிறகு அகலம் ஏறத்தாழ 28,000 பிக்சல், உயரம் 6,000 பிக்சல். கையில் பிடித்து எடுத்ததால் ஏற்படும் கோணல்களை வெட்டினாலும் 5,000 பிக்சல் உயரம் நிற்கும். அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற தரத்தில் அச்சிட்டால் ஏறக்குறைய எட்டடி நீளம். வீட்டில் அவ்வளவு பெரிய வெற்றுச் சுவர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

எடுப்பதற்கு முன் நான்கு விஷயங்களைத் தானியங்கி நிலையிலிருந்து விடுவித்து நிலைப்படுத்த வேண்டும்: ஷட்டர் வேகம், துளை அளவு, ஐஎஸ்ஓ (ஒளியுணர் அளவு), ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமநிலை). ஃபோகஸையும் தொலைவிலுள்ள ஒன்றில் ஒருமுறை வைத்துவிட்டுத் தானியங்கியை அணைத்துவிடுங்கள். இவற்றில் ஒன்றைத் தானியங்கியில் விட்டுவிட்டாலும், வானத்தில் பட்டை பட்டையாக நிற வேறுபாடு தெரியும். நிலப்பகுதியில் மறைந்துவிடக்கூடிய அந்தப் பட்டை, மேகமற்ற நீல வானத்தில் மறையவே மறையாது. என் வழக்கம் ஒன்றையும் சொல்கிறேன். வரிசையைத் தொடங்கும் முன்னும் முடித்த பின்னும் லென்ஸுக்கு முன்னால் உள்ளங்கையைக் காட்டி ஒரு படம் எடுத்துக்கொள்வேன். பத்து நாள் பயணம் முடிந்து ஆயிரம் படங்களைக் கணினியில் இறக்கும்போது, எது எந்த வரிசை என்று அந்தக் கைகள் சொல்லிவிடும்.

முக்காலியைப் பொறுத்தவரை, நூறு மீட்டருக்குள் எதுவும் இல்லாத பகல் காட்சிக்கு அது தேவையில்லை. முன்புறத்தில் பாறையோ மரக்கிளையோ இருந்தால் முக்காலி மட்டும் போதாது; கேமரா எந்தப் புள்ளியைச் சுற்றித் திரும்புகிறது என்பதே முக்கியம். முக்காலியின் திருகு கேமரா உடலின் அடியில் இருக்கிறது. சரியான புள்ளியோ, லென்ஸை முன்னாலிருந்து பார்க்கும்போது உள்ளே துளை இருப்பதுபோலத் தோன்றுமே, அந்த இடம். பெரும்பாலும் அது திருகுக்குச் சில சென்டிமீட்டர் முன்னே அமையும். ஆகவே ஒரு நகர்த்துப் பட்டையை முக்காலியில் பொருத்திக் கேமராவைப் பின்னுக்குத் தள்ள வேண்டும். எவ்வளவு என்பதை வீட்டு மொட்டைமாடியிலேயே கண்டுபிடிக்கலாம். அருகில் ஒரு குச்சியை நட்டு, தொலைவிலுள்ள கம்பம் ஒன்று அதற்கு நேர் பின்னால் மறையும்படி கேமராவை வைத்து, இடமும் வலமுமாகத் திருப்பிப் பாருங்கள். கம்பம் குச்சிக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்க்காத நிலை வரும்வரை பட்டையை நகர்த்தி, அந்த இடத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: லடாக்கில் பாங்காங் ஏரியை எடுத்த படங்களை இணைத்தேன். வானத்தின் நடுவே கருநீலமாக ஒரு திட்டு, இரு ஓரங்களிலும் வெளிர்நீலம். லென்ஸ் பழுதா? (ஒரு வாசகர், புதுச்சேரி)

பதில்: நீங்கள் போலரைசர் ஃபில்டர் போட்டிருந்தீர்கள் என்று எண்ணுகிறேன். வானத்தின் ஒளி, சூரியனிலிருந்து 90 டிகிரி தள்ளியுள்ள பகுதியில்தான் மிகுதியாக முனைவாக்கம் பெற்றிருக்கும், அதாவது ஒரே திசையில் அதிரும். ஃபில்டர் அந்தப் பகுதியை மட்டும் கருமையாக்குகிறது. குறுகிய காட்சியில் இது அழகு. அகலக் காட்சியில் கறை. ஏரி நீரின் நிறத்துக்காக அதைப் போட்டிருப்பீர்கள், புரிகிறது. ஆனாலும் பனோரமாவுக்கு முன் கழற்றிவிடுங்கள்.

கேள்வி: தனுஷ்கோடி அரிச்சல்முனையில் எடுத்த படத்தில் கடல் அடிவானம் வில்லாக வளைந்திருக்கிறது. அலைகள் பாதியில் அறுபட்டுள்ளன. ஒரு சிறுவனுக்கு இரண்டு தலைகள்! (ஒரு வாசகி, நாகர்கோவில்)

பதில்: அடிவானம் வளைந்தது, கேமராவை மேல்நோக்கியோ கீழ்நோக்கியோ சாய்த்துப் பிடித்ததால். படத்தின் நடுக்கோடே அடிவானம் என்று மென்பொருள் எடுத்துக்கொண்டு உருட்டிவிடுகிறது. இணைக்கும்போது முன்தோற்றத் திரையில் படத்தை மேலும் கீழுமாக இழுத்துப் பார்த்தால் ஓரிடத்தில் கோடு நேராகிவிடும். கம்பம், கட்டடத்தின் விளிம்பு போன்றவை படத்தில் இருந்தால், அவை செங்குத்தானவை என்று மென்பொருளுக்குக் குறித்துக் காட்டுவது இன்னும் நல்ல வழி.

அலைகளுக்கும் சிறுவனுக்கும் மருந்து ஒன்றே. ஒன்றன்மேல் ஒன்று விழும் ஓரப் பகுதியில் அசையும் பொருள் எதுவும் இருக்கக் கூடாது. சிறுவன் ஒரு படத்தின் நடுவில் முழுமையாக விழும்படி எடுத்துவிட்டு, அவன் இல்லாத ஓரத்தில் அடுத்த படத்தைத் தொடங்குங்கள். கடற்கரையில் முன்புறத்து அலை உடைந்து விழும் இடத்தை ஒரே படத்துக்குள் அடக்குங்கள். மற்றவற்றை அலை பின்வாங்கும் நேரத்தில் விரைவாக எடுத்து முடியுங்கள். ஏற்கெனவே எடுத்துவிட்ட படங்களைத் தூக்கி எறிய வேண்டாம். இரண்டு தலைகளில் எது வேண்டாமோ அதை மட்டும் மறைக்கும் வசதி பெரும்பாலான இணைப்பு மென்பொருள்களில் உண்டு.

கேள்வி: செலவில்லாமல் இணைக்க எந்த மென்பொருள் நல்லது? அது எப்படித்தான் சரியான இடத்தைக் கண்டுபிடிக்கிறது? (ஒரு வாசகர், சென்னை)

பதில்: ஹுகின். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இலவசமாக இயங்குகிறது. ஹெல்முட் டெர்ஷ் என்ற ஜெர்மானியப் பேராசிரியர் 1990களின் இறுதியில் எழுதிய பனோரமா டூல்ஸ் என்ற நிரல் தொகுப்பே அதன் அடித்தளம். தொடக்க காலத்தில், இரண்டு படங்களிலும் உள்ள ஒரே பாறையின் ஒரே முனையைப் பயனரே தேடிச் சொடுக்கிக் காட்ட வேண்டியிருந்தது. டேவிட் லோ என்ற கனடிய ஆய்வாளர், படம் திரும்பினாலும் பெரிதானாலும் சிறிதானாலும் மாறாத அடையாளப் புள்ளிகளைக் கணினியே கண்டறியும் முறையை 1999இல் வெளியிட்டார். 2003இல் அவரும் மேத்யூ பிரவுனும், கலைத்துப் போட்ட படக் குவியலிலிருந்து எவை ஒன்றோடொன்று சேரும் என்பதையும் கணினியே அறியும் என்று காட்டினார்கள். இன்று நாம் ஒரு பொத்தானை அழுத்தினால் நடப்பது இதன் வழிவந்ததுதான்: புள்ளிகளைத் தேடுதல், இணை சேர்த்தல், பொருந்தாதவற்றைத் தள்ளுதல், கேமரா திரும்பிய கோணத்தைக் கணக்கிடுதல், ஓரங்களைக் கலத்தல். இந்தக் கணக்கு, கேமரா ஒரே புள்ளியில் நின்று திரும்பியது என்ற நம்பிக்கையின் மேல் நிற்கிறது. முதல் கேள்வியில் வேலி உடைந்தது அதனால்தான்.

சுற்றியுள்ள காட்சியைத் தட்டையான படமாக எப்படி விரிப்பது என்று மென்பொருள் கேட்கும் ‘புரொஜெக்‌ஷன்’ பலருக்குக் குழப்பம் தருகிறது. 100 டிகிரிக்கு உட்பட்ட காட்சியில் கட்டடங்கள் இருந்தால், நேர்கோட்டை நேர்கோடாகவே வைக்கும் ரெக்டிலீனியரைத் தேர்ந்தெடுங்கள். அதற்கு மேல் போனால் ஓரங்கள் ரப்பர்போல இழுபடும். அப்போது, காட்சியை ஓர் உருளையின் மேல் ஒட்டி விரித்ததுபோலக் காட்டும் சிலிண்டர் முறையே ஏற்றது. நிலக்காட்சிக்கு எப்போதும் சிலிண்டர் என்று வைத்துக்கொண்டாலும் பெரிய தவறில்லை. ஜேபெக் வடிவில் ஒரு பக்கத்துக்கு 65,535 பிக்சலுக்கு மேல் சேமிக்க முடியாது; அதைத் தாண்டும் ஆர்வம் இருந்தால் டிஃப் வடிவில் சேமியுங்கள்.

கேள்வி: மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்குச் செல்லும் மலை ரயிலின் ஜன்னலிலிருந்து பனோரமா எடுக்க முடியுமா? (ஒரு வாசகி, திருநெல்வேலி)

பதில்: ஓடும்போது முடியாது. அருகிலுள்ள மரம் வேகமாகவும் தொலைவிலுள்ள மலை மெதுவாகவும் பின்னோக்கிப் போவதால், மரம் நசுங்கியும் மலை நீண்டும் வரும். எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்க ரயில் நிற்கும் இடங்களில் இறங்கி எடுங்கள். விசில் சத்தத்தில் ஒரு காதை வைத்திருங்கள்.

கேள்வி: ஒரே இடத்தில் நின்று திரும்ப வேண்டும் என்கிறீர்கள். தஞ்சைப் பெரிய கோயிலின் நீண்ட சுவரை அப்படி எடுத்தால் நடுவில் பெரிதாகவும் ஓரங்களில் சிறுத்தும் வருகிறது. நடந்துகொண்டே எடுத்து இணைக்கலாமா? (ஒரு வாசகர், தஞ்சாவூர்)

பதில்: எடுக்கலாம், உங்கள் ஊரிலேயே அதற்கு முன்னோடி உண்டு. சென்னை மாகாண அரசின் புகைப்படக் கலைஞராக இருந்த லின்னேயஸ் டிரைப், 1858இல் பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதியைச் சுற்றியுள்ள சோழர் காலக் கல்வெட்டுகளைக் கேமராவை நகர்த்தி நகர்த்தி எடுத்து, 21 அச்சுகளை ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக ஆக்கினார். காகித நெகட்டிவ் காலத்தில், முக்காலியோடு கூடிய பெரிய கேமராவை ஒவ்வொரு முறையும் சுவரிலிருந்து ஏறக்குறைய ஒரே தொலைவில் நிறுத்தி எடுத்திருக்கிறார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

அவர் செய்தது செல்லுபடியாகக் காரணம், சுவர் தட்டையானது. அதற்கு முன்னும் பின்னும் வேறு பொருள் இல்லையென்றால் இடமாறு தோற்றப் பிழைக்கு வேலையில்லை. ஆகவே விதியைத் தலைகீழாக்கிக்கொள்ளுங்கள்: மலைக்கு, நகராமல் திரும்புதல், சுவருக்கு, திரும்பாமல் நகர்தல். சுவரிலிருந்து ஒரே தொலைவில் தரையில் கயிறு கட்டிக்கொண்டு, கேமரா சுவருக்கு நேர் எதிரே இருக்கும்படி, பாதிக்குப் பாதி ஒன்றன்மேல் ஒன்று விழுமாறு பக்கவாட்டில் அடியெடுத்து வைத்து எடுங்கள். முன்னால் துருத்தி நிற்கும் அரைத்தூண்களின் பக்கவாட்டு முகம் படத்துக்குப் படம் மாறித் தெரியும். அங்கே மட்டும் இணைப்புக் கோடு தூணின் நடுவில் விழாமல், தட்டையான கல்லில் விழும்படி கையால் மாற்றுங்கள். ஹுகினில் கேமரா திரும்பவில்லை, நகர்ந்தது என்று அறிவிக்கும் வசதி இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுக்காவிட்டால் சுவர் பீப்பாய்போல உருண்டுவிடும். கயிற்றின் துணையோடு கையில் பிடித்தே எடுத்துவிட முடியும். முக்காலி வைத்துத்தான் எடுப்பீர்கள் என்றால், தொல்லியல் துறையிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கிக்கொண்டு செல்லுங்கள்.